கருவுற்ற பிணைமானைக் காத்த வேடர்

காடும் மலையும் சூழ்ந்த சுங்கை சிப்புட் வாழ் அன்பர்களுக்கு வேட்டுவர் வாழ்வு அயலானதன்று. அவ்வாழ்விலிருந்து நாயன்மாராய் உயர்ந்தவர் கண்ணப்பர்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் நாகனுக்கும் தத்தைக்கும் மகனாகத் தோன்றிய அவரது இயற்பெயர் திண்ணனார். அவர் தலைமையேற்ற முதல் வேட்டையில் மானும் பன்றியும் வீழ்ந்தன. எனினும் இளங்குட்டிகளையும் கருவுற்ற பிணைமான்களையும் வேடர்கள் தீண்டவில்லை என்பது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் தரும் செய்தி.

தப்பியோடிய பன்றியொன்றைக் கால்நடையாகவே நெடுந்தொலைவு தொடர்ந்த திண்ணனார், அம்பெய்யாது நெருங்கிச் சென்று உடைவாளால் வீழ்த்தினார். அவ்வோட்டமே அவரைக் காளத்தி மலையில் குடுமித்தேவர் திருமுன் சேர்த்தது. ஆறாம் நாள் இறைவன் கண்ணில் குருதி வழியக் கண்டு, வேட்டைக்குரிய அம்பாலேயே தம் கண்ணை அகழ்ந்து அப்பினார்.

அவரது குருபூசை நாள் தை மிருகசீரிடம். அப்பெயருக்கு மானின் தலை என்பது பொருள்.