தந்தையும் ஆசானுமாகிய ரஹீம் சாகிப்

கால்பந்து ஆடும் ஆசிய நாடுகளுள் முதல் வரிசையில் வைத்து இந்தியா எண்ணப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1951ஆம் ஆண்டு புதுதில்லியிலும் 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கப் பதக்கம் இந்தியக் கால்பந்து அணிக்குக் கிடைத்தது. இடையே 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்னும் பெருமையும் நமக்கே உரியதாயிற்று. இம்மூன்று அணிகளையும் பயிற்றுவித்தவர் ஒருவரே. அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர், ஊரால் ஹைதராபாத்தியர், பெயர் சையத் அப்துல் ரஹீம். வீரர்கள் அன்போடு அவரை ரஹீம் சாகிப் என்று அழைத்தனர்.

பதக்கங்களின் கணக்கைக் கொண்டு மட்டும் அவரை அளந்துவிடுதல் பொருந்தாது. தாம் பெற்ற மகனை மாணவருள் ஒருவனாகவும், தம்மிடம் வந்த மாணவரையெல்லாம் தாம் பெற்ற மக்களாகவும் கொண்டு வாழ்ந்தவர் அவர். தந்தை என்னும் நிலையும் ஆசான் என்னும் நிலையும் ஒருவரிடம் சேரும்போது நேரும் சோதனை எளியதன்று. அச்சோதனையில் அவர் நின்ற நிலையை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் ஆசிரியப் பணியும்

ரஹீம் சாகிப் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். அங்குப் பயிலும் காலத்திலேயே கால்பந்தில் சிறந்து விளங்கினார். பின்னர், ஹைதராபாத்தின் சிறந்த அணிகளுள் ஒன்றாகக் கருதப்பெற்ற கமர் கழகத்திற்கும் ஆடினார். படிப்பு முடிந்ததும் ஆசிரியப் பணியை மேற்கொண்டு, காச்சிகுடா, சாதர்காட் முதலிய இடங்களின் பள்ளிகளில் பணியாற்றினார். உடற்கல்வியிலும் பட்டயம் பெற்றார். பாடம் கற்பிப்பதும் விளையாட்டுக் கற்பிப்பதும் அவருக்கு வெவ்வேறு பணிகளாகத் தோன்றவில்லை. புரியாத மாணவனுக்குப் புரியும்வரை எடுத்துச் சொல்லும் வகுப்பறைப் பொறுமை, பிற்காலத்தில் ஆடுகளத்திலும் அவருக்குக் கைகொடுத்தது.

1943ஆம் ஆண்டு அவர் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். 1950ஆம் ஆண்டு முதல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியாளராகவும் விளங்கினார். கல்கத்தாவின் பெருங்கழகங்களே இந்தியக் கால்பந்தில் ஓங்கி நின்ற காலம் அது. அவற்றோடு ஒப்பிடத்தக்க செல்வமோ பெயரோ காவல்துறை அணிக்கு இல்லை. ஆயினும் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை அவ்வணி வென்றது. டுராண்ட் கோப்பையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அதன் கைக்கு வந்தது. 1956, 1957 ஆகிய பருவங்களில் மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையையும் ஹைதராபாத் கைப்பற்றியது.

பயிற்றுவித்த முறை

ரஹீம் சாகிபின் பயிற்சிமுறை இன்றைய ஆசிரியர்களும் எண்ணிப் பார்க்கத் தக்கது. அக்காலத்து இந்திய வீரர்களிடம் ஒரு பழக்கம் வேரூன்றியிருந்தது. பந்து காலுக்கு வந்தவுடன் அதைத் தோழனுக்கு அனுப்பாமல், எதிரணியினரை ஒருவர்பின் ஒருவராக ஏய்த்து ஓடித் தம் திறமையைக் காட்ட முற்படுவர். பார்ப்போர் கைதட்டுவர், அணியோ தோற்கும். இப்பழக்கத்தை அறிவுரையால் போக்க முடியாது என்பதை உணர்ந்த அவர், அவ்வாறு பந்தோடு ஓடுவதையே தடைசெய்த போட்டிகளை நடத்தினார். வழக்கமாக உதைக்கும் காலை விடுத்துப் பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியோடும், குறிப்பிட்ட உயரத்திற்கு உட்பட்டோர் மட்டுமே ஆடலாம் என்ற விதியோடும் வேறு போட்டிகளை அமைத்தார். குறை எதுவோ அதையே பாடமாக்குவது அவர் முறை. ஒருவனுடைய திறமை அணிக்குப் பயன்படும்போதே நிறைவு பெறுகிறது என்பதை இளைஞர்கள் விளையாடியே கற்றுக்கொண்டனர்.

உலகின் போக்கையும் அவர் கூர்ந்து நோக்கினார். 1953ஆம் ஆண்டு ஹங்கேரி அணி லண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தை 6-3 என்ற கணக்கில் வென்றது. நடு முன்னணி ஆட்டக்காரரைச் சற்றே பின்னுக்கு நிறுத்தி எதிரணியின் தற்காப்பைக் குலைத்த அவ்வணியின் முறையை உலகமே வியந்தது. அம்முறையை இந்திய வீரர்களின் உடல்வாகுக்கும் வேகத்திற்கும் ஏற்பப் பயன்படுத்தியவர் ரஹீம் சாகிப்.

மாணவரின் வறுமையையும் அவர் தம் வறுமையாகக் கருதினார். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில் தமிழ்ப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். அவ்வூரிலிருந்து நாள்தோறும் ஹைதராபாத்திற்குப் பயிற்சிக்கு வந்து செல்ல அவரிடம் வசதி இல்லை. வாடகைக்குச் சைக்கிள் எடுத்து வருவதற்கான பணத்தை ரஹீம் சாகிபே கொடுத்து உதவினார். அந்த இளைஞரே பின்னர் மெல்போர்னிலும் ரோமிலும் இந்தியாவுக்காக ஆடி, நாட்டின் தலைசிறந்த முன்னணி ஆட்டக்காரர்களுள் ஒருவராகப் புகழ்பெற்றார். ஒரு சைக்கிள் வாடகை எத்தகைய பயனை விளைத்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெற்றியும் தோல்வியும்

1951ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் புதுதில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. இறுதியாட்டத்தில் சாகு மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா ஈரானை வென்று தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டே பெருந்தோல்வி ஒன்று காத்திருந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குளிர் மிகுந்த நாளொன்றில், வெறுங்காலோடு ஆடிய வீரர் பலரைக் கொண்ட இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் தோற்றது. அதன்பின் காலணி அணிந்தே ஆட வேண்டும் என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது.

தோல்வியிலிருந்து பாடம் பெற்றவர் மீண்டும் எழுவர் என்பதற்கு 1956ஆம் ஆண்டு சான்றாயிற்று. மெல்போர்னில் போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே இந்தியா 4-2 என்ற கணக்கில் வென்றது. அவ்வாட்டத்தில் நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. அரையிறுதியில் முதல் கோலை இந்தியா அடித்தும் யூகோஸ்லாவியா 4-1 என வென்றது. மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று, இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடைந்த மிக உயர்ந்த இடம் அதுவேயாகும்.

மகனும் மாணவனும்

ரஹீம் சாகிபின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீம் 1939ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையின் ஆடுகளத்தையே பள்ளியாகக் கொண்டு வளர்ந்தவர் அவர். நடுக்கள ஆட்டக்காரராகச் சிறந்து, 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியில் 21ஆம் வயதில் இடம்பெற்றார். அணியின் பயிற்சியாளர் அவருடைய தந்தையே.

ரோமில் இந்தியா மூன்று ஆட்டங்கள் ஆடியது. ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றது. பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. பெருவிடம் 1-3 என்று தோற்றது. பெருவுக்கு எதிராகத் தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் அடித்த கோலே ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் என்று குறிப்பிடப்படுகிறது. இம்மூன்று ஆட்டங்களுள் ஒன்றிலேனும் ஹக்கீம் களமிறக்கப்படவில்லை. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவுக்குச் சென்ற அணியில் அவருக்கு இடமே கிடைக்கவில்லை.

தந்தை மகனுக்குச் செய்யும் உதவி இன்னதென வள்ளுவர் வகுத்துள்ளார்; சான்றோர் அவையில் முன்னிற்கும் தகுதியை அவனுக்கு உண்டாக்குவதே அது. தகுதியை உண்டாக்குவது தந்தையின் கடமை. இடத்தைப் பிடித்துக் கொடுப்பது அவர் கடமையன்று. இவ்வேறுபாட்டை ரஹீம் சாகிப் நன்கு அறிந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும். பதினொருவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கையில் இருந்தும் ஓர் ஆட்டத்தில்கூட அவர் மகனைக் களமிறக்கவில்லை. வெளியே காத்திருக்கும் மகனைப் பார்த்துக்கொண்டே பிறர் மக்களை ஆடவிட்ட அத்தந்தையின் உள்ளம் அன்று என்ன பாடுபட்டிருக்கும் என்பதை மக்களைப் பெற்றோர் உணர்வர்.

ஜகார்த்தா 1962

அவரது வாழ்வின் உச்சம் ஜகார்த்தாவில் அமைந்தது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை, ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பில் பொறுப்பு வகித்த இந்தியரான ஜி. டி. சோந்தி கண்டித்திருந்தார். அதனால் அந்நாட்டு மக்களின் சினம் இந்தியர்மீது திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய வீரர்கள் எங்குச் சென்றாலும் எதிர்ப்புக் குரல் எழுந்தது.

ஆடுகளத்திலும் தொடக்கம் நன்றாக இல்லை. முதலாட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என இந்தியா தோற்றது. பின்னர்த் தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என வீழ்த்தியது. இதற்கிடையே தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்டது. கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலுற்றிருந்தார். வேறொருவராயின் இருவரையும் ஓய்வில் வைத்திருப்பர். ரஹீம் சாகிபோ, காயமுற்ற ஜர்னைலை அரையிறுதியிலேயே தற்காப்பிலிருந்து முன்னணிக்கு மாற்றி ஆடவிட்டார். உயரப் பந்துகளில் வல்ல கொரியரை எதிர்கொள்ள நெடிய உருவம் கொண்ட தங்கராஜை இறுதியாட்டத்தில் கோல்முன் நிறுத்தினார்.

இறுதியாட்டத்திற்கு முந்தைய இரவு, அந்தத் தங்கப் பதக்கத்தைத் தமக்குப் பரிசாகத் தருமாறு அவர் தம் வீரர்களிடம் கேட்டார் என்று அவ்வணியினர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். மாணவருக்குக் கொடுத்தே பழகிய ஆசிரியர் மாணவரிடம் கேட்ட கொடை அது.

1962ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கூடிய அரங்கில், பெரும்பாலோரின் எதிர்ப்பு முழக்கத்திற்கிடையே இறுதியாட்டம் நடைபெற்றது. எதிரே நின்றது முன்பு நம்மை வென்ற அதே தென்கொரியா. முதல் இருபது நிமிடங்களுக்குள் பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் அடித்தனர். தலையில் கட்டோடு ஆடியவர் அடித்த கோல் வெற்றியை உறுதி செய்தது. ஆட்டத்தின் இறுதியில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. ஆயினும் 2-1 என இந்தியா வென்றது. சுனி கோஸ்வாமி தலைமையேற்ற அவ்வணியில் வங்காளியும் பஞ்சாபியும் ஹைதராபாத்தியரும் தமிழரும் இருந்தனர்; இந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் கிறிஸ்தவரும் இருந்தனர். அவர்களை ஒரு குடும்பமாக இணைத்தவர் ரஹீம் சாகிப். ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்தில் அதன்பின் இந்தியா தங்கம் வென்றதில்லை.

மறைவு

அவ்வெற்றியின் மகிழ்ச்சியை நெடுநாள் துய்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நுரையீரலில் கண்ட புற்றுநோய் அவரைப் படுக்கையில் கிடத்தியது. ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று ஓயாது வழிகாட்டியவர் வீட்டின் ஓர் அறைக்குள் ஒடுங்கினார். ஜகார்த்தா வெற்றிக்குப்பின் ஒன்பது மாதங்களே கடந்திருந்தன. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், 53ஆம் வயதில் அவர் இறையடி சேர்ந்தார்.

சிறந்த பயிற்சியாளர்களைப் போற்றும் துரோணாச்சாரியார் விருதை இந்திய அரசு ஏற்படுத்தியது 1985ஆம் ஆண்டில்தான். அப்போது அவர் மறைந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய வாழ்வைத் தழுவி ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் 2024ஆம் ஆண்டு வெளிவந்த பிறகே இளந்தலைமுறையினர் பலர் அவர் பெயரை அறிந்தனர்.

தந்தையின் செல்வாக்கால் ஓர் ஆட்டமும் பெறாத ஹக்கீம் என்ன ஆனார்? மனம் கசந்து அவர் கால்பந்தைத் துறக்கவில்லை. இந்திய விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடராகப் பணியாற்றினார். பன்னாட்டு நடுவராக உயர்ந்தார். பயிற்சியாளராகவும் பெயர் பெற்று, 1982ஆம் ஆண்டு புதுதில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது பி. கே. பானர்ஜிக்குத் துணையாக இந்திய அணியைப் பயிற்றுவித்தார். 2017ஆம் ஆண்டு தியான் சந்த் விருது அவரைத் தேடிவந்தது. 2021ஆம் ஆண்டு தம் 82ஆம் வயதில் அவர் மறைந்தார். நடுவரின் ஊதுகுழலைக் கையில் ஏந்துவோனுக்கு முதற்பண்பு நடுவுநிலைமை. அப்பாடத்தை ரோமில் களத்துக்கு வெளியே காத்திருந்தபோதே அவர் தம் தந்தையிடம் கற்றுவிட்டார் எனலாம்.

தேர்வுப் பட்டியலும் பரிசுப் பட்டியலும் எழுதும் பொறுப்பு ஆசிரியர் கையில் வருவது இயல்பு. அப்பட்டியலில் தம் மக்களின் பெயரோ, உறவினர் மக்களின் பெயரோ வரும் நாளும் உண்டு. அந்நாளில் எழுதுகோலை எவ்வாறு பிடிப்பது என்று ஐயுறுவோர்க்கு ரஹீம் சாகிபின் வாழ்வே விடையாகும்.