இளமையை மேடைக்குக் கொடுத்தவர்
அவ்வை டி.கே. சண்முகத்தின் வாழ்க்கை

ஐதராபாத்தில் வாழும் தமிழர்களுக்குச் சுரபி நாடகக் குழு புதிதல்ல. 1885-ல் கடப்பை மாவட்டத்தில் சுரபி என்னும் கிராமத்தில் வனாரசா குடும்பத்தார் 'கீசக வதம்' ஆடினார்கள். அன்று தொடங்கிய பரம்பரை அது. லிங்கம்பள்ளிப் பக்கம் அவர்கள் பெயரிலேயே ஒரு காலனி இருக்கிறது. சுரபியில் குடும்பம்தான் கம்பெனி. தாய் திரௌபதியாக வருவாள். தகப்பன் கீசகனாக வருவான். பிள்ளை பிரகலாதனாக நிற்கும். வேடம் கலைத்ததும் அந்தப் பிள்ளைக்குச் சாய்ந்துகொள்ளத் தாய் மடி இருந்தது.

தமிழ்நாட்டில் அதே காலத்தில் வளர்ந்த பாய்ஸ் கம்பெனிகளின் கதை வேறு. அங்கே நடித்தவர்கள் எல்லோரும் சிறுவர்கள். ராஜாவும் சிறுவன், ராணியும் சிறுவன், அரக்கனும் சிறுவன். பெரும்பாலோருக்குப் பெற்றோர் எங்கோ ஒரு கிராமத்தில் இருந்தார்கள். வீட்டு வறுமை அவர்களைக் கம்பெனியில் கொண்டுவந்து சேர்த்தது. அந்த உலகத்தில் ஆறு வயதில் அடியெடுத்து வைத்து, அதன் இருட்டையும் வெளிச்சத்தையும் முழுமையாகப் பார்த்தவர் டி.கே. சண்முகம். தமிழ் மக்கள் அவரை அவ்வை சண்முகம் என்றே அறிவார்கள்.

ஆறு வயதில் நாரதர்

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி திருவனந்தபுரத்தில் சண்முகம் பிறந்தார். தந்தை கண்ணுசாமிப் பிள்ளை நாடக நடிகர். பெண் வேடத்தில் பெயர் பெற்றவர். தாய் சீதையம்மாள். சங்கரன், முத்துசாமி என்று இரண்டு அண்ணன்மார். பகவதி, தம்பி.

1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' தொடங்கப்பட்டது. அதன் ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். இன்றும் நம் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் 'வள்ளி திருமண'மும் 'பவளக்கொடி'யும் அவர் எழுதியவைதான். சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகிய மூவரும் அந்தச் சபையில் சேர்க்கப்பட்டார்கள். 'சத்தியவான் சாவித்திரி' நாடகத்தில் சண்முகத்துக்கு முதல் வேடம் கிடைத்தது: நாரதர்.

சுவாமிகள் சிறுவர்களைத் தேடிப் போனதற்குக் காரணம் இருந்தது. அந்நாளில் பெரிய நடிகர்கள் மேடையில் தங்கள் இஷ்டம் போல நடந்துகொண்டார்கள். எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு ஒருவரையொருவர் வாதத்தில் மடக்குவார்கள். குடித்துவிட்டு வருபவர்களும் உண்டு. கதை எங்கோ போகும், நாடகம் எங்கோ போகும். இதைப் பார்த்து மனம் வெறுத்த சுவாமிகள், சொன்னதைச் சொன்னபடி செய்யும் பிள்ளைகளை வைத்து நாடகத்தைத் திருத்தலாம் என்று நினைத்தார். நாடகம் திருந்தியது உண்மை. அதற்கான விலையைப் பிள்ளைகள் கொடுத்தார்கள்.

கம்பெனி வீடு

பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்கள் எல்லோரும் ஒரே கம்பெனி வீட்டில் இருப்பார்கள். சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. இரவில் தொடங்கும் நாடகம் விடியும் வரை போகும். முகத்து அரிதாரத்தைத் துடைத்துவிட்டுச் சிறிது நேரம் கண் அயர்ந்தால், மறுபடி வாத்தியார் முன்னால் உட்கார்ந்து பாடம் ஒப்பிக்க வேண்டும். தப்பினால் பிரம்பு பேசும். பள்ளிக்கூடம் கிடையாது. ஊர் ஊராக முகாம் மாறும். ஓரிடத்தில் நட்பு பிடித்து வருவதற்குள் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். வசூல் நன்றாக இருந்தால் வயிறு நிறையும். மழை பெய்து கொட்டகை காலியாகக் கிடந்தால் முதலாளி முகம் இருளும். அந்த இருள் அடுப்படி வரை வரும்.

வீட்டு நினைவு தாங்காமல் இரவோடு இரவாக ஓடிப்போன பையன்கள் உண்டு. பிடித்து இழுத்து வரப்பட்டவர்களும் உண்டு. தந்தை அதே தொழிலில் இருந்ததும், அண்ணன்மார் இருவர் உடன் இருந்ததும் சண்முகத்துக்குக் கிடைத்த பெரும் ஆறுதல்.

சுவாமிகள் கண்டிப்பானவர். ஆனால் சண்முகத்தின் மீது அவருக்குத் தனிப் பிரியம் இருந்தது. அந்தச் சிறுவனைக் கதாநாயகனாக்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, நான்கு மணி நேரம் நடக்கக்கூடிய 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

பேச்சிழந்த ஆசான்

பிறகு வந்தது பெரும் சோதனை. சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின. பேச்சும் போயிற்று. ஓர் இரவில் ஒரு நாடகத்தையே எழுதிய கை அசைய மறுத்தது. சிறுவர்களுக்கு ஒவ்வொரு சொல்லாக உச்சரிக்கக் கற்றுக்கொடுத்த நாவிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பிள்ளைகளோ இரவில் மேடையேறி அவர் எழுதிய வசனங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். திருமணம் செய்துகொள்ளாதவர், சொத்து சேர்க்காதவர். அவர் விட்டுச் சென்றவை நாடகங்களும் அவற்றை மனப்பாடம் செய்த சிறுவர்களும்தான். சண்முகத்துக்கு அப்போது வயது பத்து. தமிழ் நாடகத்துக்கே தலைமையாசிரியராக இருந்தவரின் முடிவு இப்படி அமைந்ததைக் கண்ட அந்த நெஞ்சில், அது கடைசி வரை ஆறாத காயமாகவும் தீராத கடனாகவும் தங்கியது.

மகரக்கட்டு

பாய்ஸ் கம்பெனியில் சிறுவர்கள் பசியைவிடப் பயந்தது ஒன்றுக்கு. அதற்கு மகரக்கட்டு என்று பெயர். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண் பிள்ளைக்குக் குரல் உடையும் பருவம் அது. மற்ற வீடுகளில் பையன் வளர்கிறான் என்று தாய் மகிழும் பருவம். கம்பெனியிலோ அது ஆபத்து. நேற்று வரை கொட்டகையைக் கட்டிப்போட்ட குரல், இன்று பாட்டின் நடுவில் பிளந்துகொண்டு நிற்கும். தலைமை வேடம் இன்னொரு சிறுவனுக்குப் போய்விடும். படிப்பும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது.

பி.யு. சின்னப்பா அதே மீனலோசனி சபையில் சிறுவனாக இருந்தவர். பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் புகழ் பெற்றவர். மகரக்கட்டில் அவருக்குக் குரல் போயிற்று. கம்பெனியை விட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்பி, சங்கீதப் பயிற்சியும் சிலம்பமும் பளு தூக்குதலுமாகக் காலம் கழித்துத்தான் அவர் மறுபடி தலையெடுத்தார். அவர் பெயர் தெரிந்ததால் நமக்குக் கதை தெரிகிறது. பெயர் தெரியாமலே கரைந்துபோன பிள்ளைகள் எத்தனையோ பேர். பாரதக் கதையில் அபிமன்யுவுக்குச் சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது. நாடகக் கம்பெனிக்குள் நுழைந்த சிறுவர்கள் பலருடைய நிலைமையும் அதுவே.

தோளில் விழுந்த பாரம்

1925-ஆம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி, திருவனந்தபுரத்தில் சகோதரர்களின் சொந்தக் கம்பெனியாக ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை உதயமாயிற்று. சண்முகத்துக்கு அன்று பதின்மூன்று வயது முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. மற்றப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புப் படிக்கும் வயதில், ஒரு கம்பெனியே நம்பி நிற்கும் கதாநாயகனாக அவர் ஆனார். பின்னாளில் டி.கே.எஸ். நாடக சபை என்று தமிழகம் அறிந்த குழு இதுதான். சங்கரன் நிர்வாகத்தைக் கவனித்தார். முத்துசாமி நாடகம் எழுதினார். சண்முகமும் பகவதியும் மேடையைத் தாங்கினார்கள்.

சுவாமிகள் இல்லாத இடத்துக்கு எம். கந்தசாமி முதலியார் ஆசிரியராக வந்தார். நடிகர் எம்.கே. ராதாவின் தந்தை அவர். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்', 'சந்திரகாந்தா' முதலிய நாவல்களை நாடகமாக்கி, வீட்டில் பேசுவதுபோல மேடையில் பேசக் கற்றுக்கொடுத்தார். பாட்டால் மட்டும் பிழைத்த நாடகம் பேச்சாலும் பிழைக்கலாம் என்று ஆயிற்று. குரல் உடைந்த பையனுக்கும் மேடையில் இடம் உண்டு என்பது இதனால் கிடைத்த பெரிய நன்மை. என்.எஸ். கிருஷ்ணன் இந்தக் குழுவில்தான் வளர்ந்தார். எஸ்.வி. சகஸ்ரநாமம், கே.ஆர். ராமசாமி, ஏ.பி. நாகராஜன், எஸ்.எஸ். ராஜேந்திரன் ஆகியோரும் இங்கே பயின்று வெளியே வந்தவர்களே.

விடுதலைப் போராட்ட நாளில் வெ. சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீர'னை 'தேசபக்தி' என்ற பெயரில் நடித்தார்கள். பாரதியார் பாடல்கள் அவர்கள் மேடையில் ஒலித்தன.

ஆனால் காலம் எதிராக நின்றது. 1931-ல் எச்.எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' வெளிவந்தது. பேசும் படம் வந்த பிறகு, நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக சினிமாக் கொட்டகைகள் ஆயின. நாடகத்துக்கு இடம் கிடைப்பதே அரிதாயிற்று. சகோதரர்களும் சினிமாவுக்குப் போனார்கள். ராஜா சாண்டோ இயக்கத்தில் 1935-ல் 'மேனகா' வெளிவந்தது. படத்தில் பெயர் கிடைத்த பிறகும் அவர்கள் நாடகத்தை விடவில்லை. குறைந்த சம்பளக்காரன் வீட்டுப் பெண்ணின் கலியாணக் கவலையைச் சொல்லும் 'குமாஸ்தாவின் பெண்', மேடையில் வெற்றி பெற்று 1941-ல் படமாகவும் வந்தது. புராண ராஜாக்களையே பார்த்துப் பழகிய மக்கள், தங்கள் வீட்டுக் கதையை மேடையில் பார்த்துக் கண் கலங்கினார்கள்.

முப்பது வயதில் மூதாட்டி

1942-ல் மதுரையில் 'அவ்வையார்' நாடகம் அரங்கேறியது. அவ்வையாராக நடித்தவர் சண்முகம். வயது முப்பது. பால் முகம் மாறாத பிள்ளையாக நாரதர் வேடம் போட்ட அதே மதுரையில், நடுவயதுகூட எட்டாத ஆண் மகன், கூன் விழுந்த கிழவியாகக் கோல் ஊன்றி வந்தார். அந்த நடையும் குரலும் மக்கள் மனத்தில் நின்றன. டி.கே. சண்முகம் என்ற பெயருக்கு முன்னால் அவ்வை வந்து ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு பொருத்தம் உண்டு. தன் இளமையை எடுத்துக்கொண்டு முதுமையைத் தரும்படி அவ்வை கடவுளை வேண்டிப் பெற்றாள் என்பது கதை. சண்முகத்திடம் யாரும் கேட்கவில்லை. அவர் இளமையை மேடை தானாகவே எடுத்துக்கொண்டது. அதனால்தானோ என்னவோ, அந்த வேடம் அவருக்கு அத்தனை இயல்பாகப் பொருந்தியது.

1944-ல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூட்டுவதில் அவர் முன்னின்றார். கூத்தாடி என்று இளக்காரமாகப் பார்க்கப்பட்டவர்கள் தங்கள் கலைக்காகத் தலைநிமிர்ந்து பேசிய மாநாடு அது. அரு. ராமநாதனின் 'ராஜராஜ சோழ'னை மேடையேற்றிச் சோழர் காலத்தையே கண்முன் கொண்டுவந்தார்கள். 1961-ல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சுப்பிரமணிய சிவாவாக நடித்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தீர்த்த கடன்

புகழும் பதவியும் வந்த பிறகு பலர் பழைய வாத்தியாரை மறப்பார்கள். சண்முகம் மறக்கவில்லை. சுவாமிகளின் நாடகப் பணியை ஊர் ஊராகச் சொன்னார். அவர் வாழ்க்கையை நூலாக எழுதினார். 1967-ல் நூற்றாண்டு வந்தபோது அந்தப் பெயரை மக்கள் முன் நிறுத்த உழைத்தார். பேச்சிழந்து போன ஆசானுக்காக மாணவர் ஐம்பது ஆண்டுகள் பேசினார்.

பள்ளிக்கூடம் காணாத அந்தச் சிறுவன் பின்னாளில் நூலாசிரியர் ஆனார். 1972-ல் வெளிவந்த 'எனது நாடக வாழ்க்கை' அவருடைய சரித்திரம் மட்டுமல்ல. பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்த ஒரு தலைமுறையின் சரித்திரம். அதற்கு மறு ஆண்டு, 1973 பிப்ரவரி 15-ந் தேதி அவர் மறைந்தார்.

சென்னையில் லாயிட்ஸ் சாலைக்கு அவ்வை சண்முகம் சாலை என்று பெயர் சூட்டப்பட்டது. குழந்தை நட்சத்திரமாகப் படத்தில் நடித்த பிறகு அவரிடம் நாடகம் பயின்ற கமல்ஹாசன், 1996-ல் தாம் பெண் வேடத்தில் நடித்த படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்து ஆசானை நினைத்துக்கொண்டார்.

பிழைப்புக்காகச் சிறு வயதிலேயே ஊரை விட்டுவந்து, இரவு ஷிப்ட் முடித்துச் செகந்திராபாத் வீதிகளில் அறைக்குத் திரும்பும் தமிழர்களுக்கு இந்த வாழ்க்கை எட்டாத கதையல்ல. சிறு தோளில் விழுந்த பாரத்தைச் சண்முகம் கீழே போடவில்லை. அதே சமயம், அந்தப் பாரம் ஆறு வயதுப் பிள்ளை சுமக்க வேண்டியதும் அல்ல. வியூகத்திலிருந்து அவர் ஒருவர் வெளியே வந்தார். வர முடியாமல் போன பிள்ளைகளையும் சேர்த்து நினைப்பதுதான் அந்தப் பெரிய கலைஞருக்கு நாம் செய்யும் மரியாதை.