எட்டயபுரத்துப் பாரதியார்: பத்திரிகைப் பணியும் இறைப்பற்றும்

நமது பங்கின் ஜூபிலி மலரில் கிறிஸ்தவரல்லாத ஒருவரின் வரலாறு ஏன் என்று சிலர் கேட்கலாம். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் ஊழியம் புரிந்தவர். அவரைத் தமிழன்பர் எவரும் மதம் கேட்டு ஒதுக்கியதில்லை. எட்டயபுரத்தாராகிய நாம் பாரதியாரை ஒதுக்குவது முறையாகுமா? கவிஞராக அவரை எல்லோரும் அறிவோம். பத்திரிகையாளராகவும் கதாசிரியராகவும் உழைத்து, கடவுளை நம்பியும் கடவுளோடு வழக்காடியும் வாழ்ந்த பாரதியாரை நம்மில் பலர் அவ்வளவாக அறியோம்.

1882 டிசம்பர் 11 அன்று சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் பிறந்த சுப்பையா, ஐந்து வயதில் தாயை இழந்தார். கரிசல் பருத்தியை நம்பித் தந்தையார் இங்கே ஆலை தொடங்கினார். அது நொடித்தது, கைப்பொருளும் போயிற்று, 1898-இல் அவரும் மறைந்தார். பதினோரு வயதில் 'பாரதி' என்ற பட்டம் பெற்ற ஊரிலேயே அச்சிறுவர் வறுமையையும் கண்டார். பின்னாளில் தம் வரலாற்றைப் பாட்டாக எழுதியபோது தந்தையாரின் வீழ்ச்சியை அவர் மறக்கவில்லை.

காசியில் கல்வி, திரும்பிவந்து சமஸ்தானத்தில் சிறிது காலம், மதுரை சேதுபதி பள்ளியில் சில மாத ஆசிரியப் பணி. 1904 நவம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திர'னில் உதவியாசிரியராக அமர்ந்தார். ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்குவதே முதல் வேலை. நாள்தோறும் உலகச் செய்தியைத் தமிழில் சொல்லியாக வேண்டிய அந்தக் கட்டாயமே அவருடைய உரைநடையைப் பழக்கியது என்பது நமது எண்ணம். 1905-இல் மாதருக்கான 'சக்கரவர்த்தினி', 1906-இல் 'இந்தியா' வார இதழ். பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பவையே 'இந்தியா'வின் குறிக்கோள். தமிழில் கேலிச்சித்திரங்களுக்கு வழிகாட்டிய இதழும் அதுவே. 1908-இல் அடக்குமுறை வந்தபோது அவர் புதுச்சேரி சென்றார். இதழும் அங்கே சென்று, 1910-இல் நின்றது.

பத்திரிகை எழுத்தில் அவர் யாரையும் விடவில்லை. நம் நாட்டு வழக்கங்களை வெளிநாடுகளில் இழித்துப் பேசிய பாதிரிமாரைக் கண்டித்தார். நமக்கு அது கசக்கலாம். ஆனால் ஒடுக்கப்பட்டோர் வேறு மதம் புகுந்தால், குற்றம் அவர்களை விரட்டிய சாதிக் கொடுமையுடையதே என்று தம் சமூகத்தாரையும் அதே வன்மையுடன் சாடினார். எழுதியதோடு நிற்கவுமில்லை. புதுச்சேரியில் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்தார்.

அவருடைய 'சந்திரிகையின் கதை' நாவலிலும் இதே போராட்டந்தான். குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணான விசாலாட்சி மறுமணம் செய்துகொள்ளுமாறு, சாகும் தறுவாயிலிருக்கும் அண்ணி வேண்டுகிறாள். பிற்பாடு அப்பெண் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயரையே சந்திக்கிறாள். கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்வித்தவர் அந்தப் பெரியவர். கதை முற்றுப்பெறவில்லை.

அவருடைய ஐயம் பெரும்பாலும் மனிதர் வகுத்த வழக்கங்களின் மேல் எழுந்தது. உலகமே பொய்த்தோற்றம் என்ற கொள்கையையும் அவர் கேள்வி கேட்காமல் விடவில்லை. கண்ணால் காண்பது சக்தி என்ற முடிவுக்கே வந்தார். ஆயினும் அந்தச் சக்தியிடமே, அறிவைத் தந்துவிட்டு வாழ வழி தராததேன் என்று முறையிட்டார். யோபுவின் ஆகமத்தை வாசித்த நமக்கு இந்தக் குரல் அந்நியமன்று. நம்பாதவன் யாரிடம் போய் வழக்காடுவான்?

கிறிஸ்துநாதரைப் பற்றியும் அவர் ஒரு சிறு பாடல் இயற்றினார். அதில் சிலுவை மரணமும் மூன்றாம் நாள் உயிர்ப்பும், அதைக் கண்ட மதலேன் மரியாளும் வருகின்றனர். பின்னர் மரியாளை அன்பாகவும், இயேசுவை ஆன்மாவாகவும், சிலுவையை உண்மையாகவும் பொருள் காண்கிறார். உயிர்ப்பை நடந்த நிகழ்ச்சியாக விசுவசிக்கும் நாம் இதனோடு முழுதும் உடன்பட இயலாது. இதைக் காட்டி அவரை நம்மவராக்கிக்கொள்வதும் நேர்மையன்று. முகம்மது நபியைப் பற்றி 1920-இல் பொட்டல்புதூரில் பேசியவரும், அல்லாவைப் பாடியவரும் அவர்தாமே! எனினும் மதலேன் மரியாளை அத்தனை மதிப்போடு நோக்கியவரை நாம் எளிதில் கடந்துசெல்ல முடியவில்லை.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வந்ததும் கடலூரில் கைதாகிச் சில வாரம் சிறையிருந்தார். பிறகு மனைவியின் ஊரான கடையத்தில் வாழ்ந்தார். 1919-இல் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதி ஆதரவு கோரினார். உதவி கிடைக்கவில்லை. 1920-இல் மீண்டும் 'சுதேசமித்திர'னுக்கே உழைக்கச் சென்றார். 1921 செப்டம்பரில், நாற்பது வயதுகூட நிரம்பாமல் காலமானார்.

எட்டயபுரத்தில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது 1947-இல். சீட்டுக்கவி எழுதி இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.