தமிழில் வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன்

டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் என்னும் ஊரிலே பிறந்தார். நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்று, 1847இல் அமெரிக்கன் மிஷன் ஊழியராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருடைய அண்ணன் அண்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க் மாநகரை உருவாக்கியவர்களுள் ஒருவராகப் புகழ்பெற்றவர். தம்பியோ மானிப்பாயைத் தமது ஊராக்கிக்கொண்டார்.

அவருக்கு முன்னரே பண்டத்தரிப்பில் டாக்டர் ஜோன் ஸ்கடரும், வட்டுக்கோட்டையில் டாக்டர் வார்டும் வைத்திய ஊழியம் செய்திருந்தார்கள். ஆனாலும் வாந்திபேதியும் அம்மையும் ஊரூராய்ப் பரவும் காலத்தில், ஒரு வெள்ளைக்கார வைத்தியர் எத்தனை வீட்டுக்குத்தான் போக முடியும்? நோயாளரைக் குணமாக்குவது போலவே வைத்தியரை உருவாக்குவதும் தமது அழைப்பு என்று கிறீன் உணர்ந்தார். 1848இல் மானிப்பாயில் வைத்திய வகுப்பை ஆரம்பித்தார். கொழும்பு வைத்தியக் கல்லூரி தொடங்கியது 1870இலேதான். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியம் முறையாகக் கற்பிக்கப்பட்டது.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அப்படிக் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் கிடைத்ததும் வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். கிராமத்துச் சனங்களுக்கு வைத்தியர் இல்லாத குறை அப்படியே இருந்தது. கிராமத்தில் தங்கி, நோயாளி பேசும் மொழியிலேயே சிந்திக்கும் வைத்தியர் வேண்டுமென்று கிறீன் தீர்மானித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார்.

படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே! அந்த வேலையை அவர் 1850களிலேயே தொடங்கியிருந்தார். உடற்கூற்றுக்கு அங்காதிபாதம், உடற்றொழிலுக்குச் சுகரணவாதம், சத்திரசிகிச்சைக்கு இரண வைத்தியம், இரசாயனத்துக்குக் கெமிஸ்தம் என்று ஒவ்வொரு துறைக்கும் பெயரிட்டு நூல்களை வெளியிட்டார். பொருத்தமான தமிழ்ச்சொல் இருந்தால் அதை எடுத்தார். இல்லாவிட்டால் வடமொழியை நாடினார். அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார். இவ்விதம் வெளிவந்தவை 4,000 பக்கங்களுக்கு மேலாகும்.

இவை தனியொருவரின் உழைப்பல்ல. அக்கால வழக்கப்படி அமெரிக்கப் பெயர் சூடிய டான்வர்த், சப்மன், போல் முதலான அவருடைய மாணாக்கர்களே மொழிபெயர்ப்பில் தோள்கொடுத்தார்கள். நேற்றுப் படித்தவர் இன்று நூலாசிரியரானார். அவர் பயிற்றுவித்த வைத்தியர்கள் 60க்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர்கள். கிறிஸ்தவராவதற்கும் வைத்தியராவதற்கும் தங்கள் உடையையோ உணவையோ மாற்ற வேண்டியதில்லை என்பதையும் அவர்களுக்கு வற்புறுத்தினார்.

1873இல் உடல்நலம் குன்றித் தாய்நாடு திரும்பினார். ஆனால் ஓய்வெடுக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கையெழுத்துப் பிரதிகள் கடல் கடந்து வூஸ்ரருக்குப் போயின. அவர் திருத்திய பிரதிகள் திரும்பி வந்தன. மனுஷ சுகரணம் என்னும் பெரு நூல் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தமிழருக்கு வைத்திய சுவிசேஷகராயிருந்தவர் என்பதே தமது கல்லறையில் பொறிக்கப்படவேண்டும் என்று கேட்டிருந்தார்.

அவர் தொடங்கிய தமிழ்வழி வைத்தியக் கல்வி அவருக்குப் பின் நெடுங்காலம் நீடிக்கவில்லை. அவருடைய பெயரைத் தாங்கிய வைத்தியசாலை மட்டும் மானிப்பாயில் இன்றும் நிற்கிறது.

பெந்தெகொஸ்தே நாளிலே ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலே நற்செய்தியைக் கேட்டார்கள். சரீரத்தின் சுகத்தைப் பற்றிய செய்தியும் அவ்வாறே கேட்கப்படவேண்டும் என்பதற்காக உழைத்தவர் கிறீன். இன்று ஒக்லாந்தில் எங்கள் பிள்ளைகள் வைத்தியமும் தாதியியலும் ஆங்கிலத்திலேதான் கற்கிறார்கள். இந்த நாட்டில் அது அவசியமே. ஆனால் வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் முதிய தாயொருத்திக்குத் தன் நோவைத் தமிழில்தான் சொல்ல வரும். எங்கே, எப்படி வலிக்கிறது என்று அவளிடம் தமிழிலே கேட்கத் தெரிந்த பிள்ளை, டாக்டர் கிறீனின் வகுப்பைச் சேர்ந்த பிள்ளைதான். அப்படிப்பட்ட பிள்ளைகளை உருவாக்கும் பொறுப்பு எங்கள் வீடுகளுக்கும் சபையின் தமிழ் வகுப்புக்கும் உண்டு. கர்த்தர் அதற்கு எங்களுக்குக் கிருபை செய்வாராக.