தந்தப் பிடில் பெற்ற தஞ்சை வடிவேலு

தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்போரும், சாலைக் கடைத்தெருவில் சரக்கு எடுப்போருமாகக் கிழக்கேகோட்டைக்கு நாள்தோறும் வந்து போகும் தமிழர்கள் ஏராளம். கோட்டை வாயிலைத் தாண்டிப் பத்மதீர்த்தக் குளக்கரைக்குப் போனால் மேத்தன் மணியைக் காணலாம். மணி அடிக்கும்போது ஒரு மனித முகம் வாயைத் திறக்கும். இரு பக்கத்திலிருந்தும் ஆட்டுக்கடாக்கள் பாய்ந்து கன்னத்தில் முட்டும். அதை அண்ணாந்து பார்த்து ரசிக்காத குழந்தை இல்லை. அந்த மணிக்கு அருகிலேயே குதிரைமாளிகை. அதை அடுத்து நவராத்திரி மண்டபம். இவையெல்லாம் சுவாதித் திருநாள் மகாராஜாவின் பெயரைச் சொல்லி நிற்பவை.

அந்த மகாராஜாவின் அவையில் தஞ்சையிலிருந்து வந்த தமிழர் ஒருவர் அரசருக்கு உற்ற துணையாக விளங்கினார். வெள்ளைக்காரர் கொண்டுவந்த பிடிலை நம் சங்கீதத்துக்கு உரிய வாத்தியமாக ஆக்கியவர்களில் அவர் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுகிறார். அவர்தான் தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு.

நால்வரில் கடைக்குட்டி

நட்டுவாங்கமும் இசையும் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற இசை வேளாளர் குலத்தில், சுப்பராய நட்டுவனாரின் மகனாக 1810-ஆம் ஆண்டு வடிவேலு பிறந்தார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம் ஆகிய மூவரும் இவருக்கு மூத்தவர்கள். பாட்டனார் கங்கைமுத்துவும் பேர்பெற்ற நட்டுவனாரே. தஞ்சைப் பெரிய கோயிலிலும் மராட்டிய மன்னர் அவையிலும் பணி செய்த குடும்பம். அப்போது தஞ்சையை ஆண்டவர் இரண்டாம் சரபோஜி. கல்விக்கும் கலைக்கும் வாரி வழங்கிய அந்த மன்னரின் காலத்தில் மேனாட்டு வாத்தியங்களும் தஞ்சை அரண்மனைக்குள் புகுந்துவிட்டன.

சகோதரர் நால்வரும் முத்துசாமி தீட்சிதரிடம் சங்கீதம் பயின்றனர். பிறப்பால் வேறான சமூகத்துச் சிறுவர்களுக்குத் தம் வித்தையை ஒளிக்காமல் தந்தவர் தீட்சிதர். ஒருமுறை கேட்டதை அப்படியே திருப்பிப் பாடும் ஆற்றல் வடிவேலுவுக்கு இருந்ததால் ஏகசந்தக்கிராகி என்ற பட்டத்தைக் குருநாதர் வழங்கினார் என்பர். சீடர்கள் நால்வரும் குருவின் புகழ் பாடி நவரத்தின மாலை என்ற ஒன்பது கிருதிகளை இயற்றி அந்த நன்றிக் கடனைத் தீர்த்தனர்.

நாட்டியத்துக்கு இவர்கள் செய்த தொண்டு பெரிது. அடவுகளை வகைப்படுத்தி வரிசை செய்தனர். அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என்று வளர்ந்து தில்லானாவில் முடியும் கச்சேரி முறையை ஒழுங்கு செய்தவர்கள் இந்த நால்வரே. இன்று எந்த ஊரில் பரதநாட்டிய அரங்கேற்றம் நடந்தாலும் அந்த வரிசையைத்தான் காண்கிறோம்.

அன்னிய வாத்தியம் வந்த கதை

பிடிலை முதலில் கையில் எடுத்துக் கர்நாடக சங்கீதம் வாசித்தவர் என்ற பெருமை தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதருக்கு உரியது. சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரரின் பாண்டு வாத்தியம் கேட்டு அவர் மனம் பறிகொடுத்தார். குடும்பத்தை ஆதரித்த மணலி முதலியார் ஓர் ஐரோப்பியரை அமர்த்தி அவருக்குப் பிடில் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பின்னாளில் பாலுசுவாமி எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக அமர்ந்தார். அவருக்குப் பின் அந்த வாத்தியத்தை வளர்த்தவர்களில் வடிவேலு தலைசிறந்தவர்.

மேனாட்டார் நின்றுகொண்டோ நாற்காலியில் அமர்ந்தோ பிடிலைத் தாடையில் அழுத்திப் பிடித்து வாசிப்பர். அவர்கள் கூட்டும் சுருதிமுறையும் வேறு. நம் சங்கீதத்திலோ ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவக் கூடாது. வழுக்கிச் செல்ல வேண்டும், அசைய வேண்டும். கமகம் இல்லாவிட்டால் ராகம் இல்லை. இதற்கு இடது கை தாராளமாக ஓட வேண்டும். ஆகவே நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, பிடிலின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, மறு முனையை மார்போடு சாய்த்துக்கொண்டனர். வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லாது போயிற்று. நான்கு தந்திகளையும் ஸட்ஜம், பஞ்சமம், மீண்டும் ஸட்ஜம், பஞ்சமம் என்று கூட்டினர். வாத்தியத்தில் ஒரு மரத்துண்டைக்கூட மாற்றவில்லை. உட்காரும் விதத்தையும் சுருதியையும் மாற்றியே அதைத் தமதாக்கிக்கொண்டனர்.

இது ஒரே நாளில் ஒருவரால் நடந்ததன்று. பாலுசுவாமி, வடிவேலு போன்றோர் வாசித்து வாசித்துப் பக்குவப்படுத்திய முறை. குரலோடு இழைந்து வரக்கூடியது, எங்கும் எளிதாகத் தூக்கிச் செல்லக்கூடியது என்ற இரண்டு நன்மைகளால் வாய்ப்பாட்டுக்குப் பக்கவாத்தியம் என்ற இடத்தைப் பிடில் விரைவில் பிடித்தது.

தஞ்சையிலிருந்து அனந்தபுரிக்கு

தஞ்சை அரசருக்கும் நால்வருக்கும் மனவேற்றுமை உண்டாயிற்று. பரம்பரைப் பணியும் மானியமும் கொண்ட ஊரை விட்டு வெளியேறுவது எளிதன்று. ஆயினும் சகோதரர்கள் புறப்பட்டனர். 1830-களின் தொடக்கத்தில் அவர்கள் வந்து சேர்ந்த இடம் திருவனந்தபுரம்.

அங்கே அரியணையில் இருந்தவர் இருபது வயதைத் தொடாத இளைஞர். 1813-இல் பிறந்த சுவாதித் திருநாள், சிற்றன்னை கௌரி பார்வதி பாயின் பொறுப்பிலிருந்த ஆட்சியை 1829-இல் தாமே ஏற்றார். பல மொழிகளில் வல்லவர். சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி எனப் பல மொழிகளில் சாகித்தியம் செய்தவர். இங்கிலீஷ் பள்ளிக்கூடம், 1837-இல் வானாய்வு நிலையம் என்று புதுமைகளுக்கு இடம் கொடுத்தவர். அப்படிப்பட்ட அரசரிடம் மேனாட்டு வாத்தியத்தில் கல்யாணியும் தோடியும் வாசிக்கும் தஞ்சை இளைஞர் ஒருவர் வந்தால் கேட்கவா வேண்டும்!

அந்த அவையில் இரயிம்மன் தம்பி இருந்தார். தஞ்சையிலிருந்து வந்த மேருசுவாமி என்ற மராட்டிய பாகவதர் இருந்தார். ஆறு காலத்தில் பாட வல்லவரென்று பேர்பெற்ற ஷட்கால கோவிந்த மாரார் இருந்தார். பாலக்காடு பரமேஸ்வர பாகவதரும் இருந்தார். இத்தனை பேருக்கு நடுவிலும் அரசர் அதிகம் நெருங்கிப் பழகியது வடிவேலுவிடம். வயதில் மூன்றாண்டே வித்தியாசம். அரசனும் ஆசிரிதனும் என்பதைவிட, கலையில் ஒத்த நண்பர்களாக இருவரும் வாழ்ந்தனர்.

1834-இல் சுவாதித் திருநாள் தந்தத்தால் அணிசெய்த பிடில் ஒன்றை வடிவேலுவுக்குப் பரிசளித்தார். தஞ்சையில் நால்வரின் வழித்தோன்றல்கள் அதைக் குடும்பச் சொத்தாகப் போற்றிக் காத்தனர். பொன்னாடையும் கடகமும் பரிசளிப்பது அரசவை வழக்கம். வெளிநாட்டு வாத்தியத்தையே தந்தத்தில் இழைத்துத் தந்ததன் பொருள் வேறு. இந்த வாத்தியம் இனி அன்னியமன்று என்று ஒரு சமஸ்தானமே ஏற்றுக்கொண்டதாக அதைக் கொள்ளலாம்.

மூத்த சகோதரர்கள் பின்னர் பிரிந்து சென்றனர். சின்னையா மைசூர் மகாராஜா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அவைக்குப் போனார். பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சைக்கே திரும்பினர். வடிவேலு மட்டும் திருவிதாங்கூரைத் தம் ஊராக்கிக்கொண்டார்.

ஆட்டமும் பாட்டும்

சேரநாட்டுப் பெண்களின் மோகினியாட்டம் இந்தக் காலத்தில் புதுப்பொலிவு பெற்றது. அதற்கான வர்ணங்களும் பதங்களும் அரசரிடமிருந்து வந்தன. அவற்றை ஆட்டத்துக்கு ஏற்ப அமைத்த நட்டுவ அறிவு வடிவேலுவுடையது. தஞ்சையின் மேள மரபும் மலைநாட்டின் சோபான மரபும் கோட்டைக்குள் கைகோத்தன.

திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜ சுவாமிகளைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துவர வேண்டுமென்பது சுவாதித் திருநாளின் தீராத ஆசை. அந்தத் தூதுக்கு வடிவேலுவே அனுப்பப்பட்டார் என்பது சங்கீத உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இனிய பாட்டாலும் பிடிலாலும் சுவாமிகளின் உள்ளத்தை வடிவேலு கவர்ந்தார். ஆனால் அரசவைக்கு வரும்படி வேண்டியபோது சுவாமிகள் இசையவில்லை. இருவரும் மறுவுலகில் சந்திக்கலாம் என்ற கருத்தில் விடை தந்து அனுப்பினார் என்று முடிகிறது அந்தக் கதை. செவிவழிச் செய்திதான். எனினும் தஞ்சை மண்ணையும் அனந்தபுரியையும் இணைக்கும் பாலமாக வடிவேலுவை மக்கள் நினைத்தனர் என்பதற்கு இதுவே போதும்.

யாருடைய பாட்டு?

வடிவேலு நெடுநாள் வாழவில்லை. 1845-ஐ ஒட்டி, முப்பத்தைந்து வயதளவில் மறைந்தார். ஆங்கில ரெசிடெண்ட் கல்லனின் தலையீட்டால் மனம் நொந்திருந்த சுவாதித் திருநாளும் 1846 டிசம்பரில், முப்பத்து மூன்றாம் வயதில் கண்மூடினார். தியாகராஜ சுவாமிகள் அடுத்த மாதமே, 1847 ஜனவரியில், சித்தியடைந்தார். பதினெட்டு மாதங்களோ இருபது மாதங்களோ என்று எண்ணத்தக்க இடைவெளியில் மூன்று சுடர்கள் அணைந்தன.

அரசரின் பாடல்களும் மெல்ல மங்கின. அவற்றைத் தேடித் தொகுத்து மேடையேற்றிய பெரும்பணி இருபதாம் நூற்றாண்டில் நடந்தது. அதைச் செய்தவர்களில் முத்தையா பாகவதர், செம்மங்குடி சீனிவாசய்யர் ஆகிய இரு தமிழர்களின் பங்கு தலையாயது. 1939-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சங்கீதக் கல்லூரிக்கு முதலில் பாகவதரும், அவருக்குப்பின் செம்மங்குடியும் தலைமை ஏற்றனர். அந்தக் கல்லூரி இன்று சுவாதித் திருநாளின் பெயரைத் தாங்கித் தைக்காட்டில் நடக்கிறது.

1980-களில் வீணை எஸ்.பாலசந்தர் ஒரு கேள்வியை எழுப்பினார். சுவாதித் திருநாள் என்ற வாக்கேயக்காரர் உண்மையில் இருந்தாரா, அவர் பெயரில் வழங்கும் பாடல்கள் பிறருடையவையா என்பதே அது. கடும் வாக்குவாதம் நடந்தது. அரசரின் பக்கம் நின்று மறுத்தோர் பலர். அந்தச் சர்ச்சையில் வடிவேலுவின் பெயரும் அடிபட்டது. ஓர் அவையில் அரசர் சொல் அமைக்க, வித்வான் மெட்டைச் செப்பம் செய்ய, மாணவர் பாடிப் பார்க்க, ஆடுவோர் அடவில் திருத்தம் கேட்க, அப்படித்தான் வர்ணங்கள் உருப்பெறும். இன்னின்ன வரி இவருடையது என்று தராசில் நிறுத்துப் பார்க்க இயலாது. அரசரிடமிருந்து பறித்துத்தான் வடிவேலுவுக்குப் புகழ் சேர்க்க வேண்டுமென்பதும் இல்லை. ஆயினும் ஒரு குறை உண்டு. அரசருக்கு மாளிகையும் கல்லூரியும் 1987-இல் வெளிவந்த மலையாளத் திரைப்படமும் நினைவுச் சின்னங்களாக உள்ளன. உடனிருந்த கலைஞரின் பெயரை, கச்சேரியில் பிடில் கேட்டு மகிழ்வோரிலும் பலர் அறியார்.

நால்வர் விட்ட வழி

வடிவேலு மறைந்த பிறகு பிடில் எங்கும் பரவியது. இன்று அது இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியை நினைத்துப் பார்ப்பதே கடினம். அது வெள்ளைக்காரர் வாத்தியம் என்பதையே பலர் மறந்துவிட்டனர். அதே வழியில் பிற்காலத்தில் சீனிவாஸின் மாண்டலினும் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனும் கச்சேரி மேடையேறின. தம்புராவின் வேலையை மின்னணுச் சுருதிப் பெட்டி ஏற்றது. 1986-இல் வெளிவந்த புன்னகை மன்னன் படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் இசையைத் தமிழருக்கு அறிமுகம் செய்தார்.

இப்போது கைப்பைக்குள் அடங்கும் சின்தசைசரையும், ஸ்வர வரிசையை முன்கூட்டியே பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் சீக்வென்ஸரையும் வைத்துக்கொண்டு இளைஞர்கள் பாட்டு அமைக்கின்றனர். 1989-இல் ஜப்பானில் வெளிவந்த கேம்பாய் என்ற விளையாட்டுக் கருவியின் ஒலிச் சில்லில் ஒரே நேரத்தில் நான்கு குரல்கள்தான் எழும். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கப்பட்ட அதைக் கொண்டே சிப்டியூன் என்றொரு இசைவகை வளர்ந்துவிட்டது. விசைப்பலகையில் கமகம் வராது, இயந்திரத்தில் ராகம் நிற்காது என்று மூத்தோர் தயங்குவது இயல்பே. பிடிலைத் தஞ்சைக்குக் கொண்டுவந்த நாளிலும் இத்தகைய தயக்கம் இருந்திருக்கும். அதற்கு வடிவேலுவின் வாழ்க்கை தரும் விடை எளியது. வாத்தியம் எந்த நாட்டிலிருந்தும் வரலாம். ஆனால் அதைக் கையில் எடுப்பவன் முதலில் ஒரு குருவிடம் அமர்ந்து ராகத்தைக் கற்றிருக்க வேண்டும். வடிவேலு தீட்சிதரிடம் கற்ற பிறகே பிடிலை வளைத்தார். பிடில் அவரை வளைக்கவில்லை.

ஆண்டுதோறும் நவராத்திரியில் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குமரி மாவட்டத்திலிருந்து ஊர்வலமாகக் கோட்டைக்குள் எழுந்தருள்கின்றனர். நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகள் கச்சேரி நடக்கிறது. ஒலி சிறக்கவென்று கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்டபம் அது. நெடுங்காலம் ஆண்களே பாடிவந்த அந்த மண்டபத்தில் 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் முதல் பெண்மணியாகப் பாடினார். மரபு மாறாமல் நிற்பதும், காலம் வரும்போது கதவைத் திறப்பதும் அந்த மண்ணுக்குப் பழக்கம்தான். தஞ்சையிலிருந்து பிடிலோடு வந்த இளைஞருக்கு முதலில் திறந்த கதவு அது. நவராத்திரிக்கு அங்கே போகும் தமிழர்கள், பாடுபவருக்கு இடப்பக்கம் எழும் பிடிலின் நாதத்தைக் கேட்கும்போது வடிவேலுவையும் ஒரு கணம் நினைப்பது நியாயம்.