கேம்பிரிட்ஜில் 2 சங்கம்... எதில் சேர்ந்தார் மோகன் குமாரமங்கலம்?

காலேஜ்ல எந்தச் சங்கத்தில் சேர்கிறோம் என்பது வாழ்க்கையையே மாற்றுமா? மோகன் குமாரமங்கலத்துக்கு மாற்றியது.

யார் இவர்?

1916ல் லண்டனில் பிறந்தவர். அப்பா ப.சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல்வர். மகன் ஈட்டன் பள்ளி முடித்து, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குப் போனார்.

2 வழி

ஒன்று, விவாதத்துக்குப் பேர்போன யூனியன் சங்கம். பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் பலருக்கு அதுதான் முதல் மேடை. இன்னொன்று, கம்யூனிஸ்ட் மாணவர்கள் பக்கம். அங்கே போனா, ஊர் திரும்பியதும் போலீஸ் கண்ணில் விழணும். மோகன் எதையும் விடல. 1938ல் யூனியன் தலைவரே ஆனார், கம்யூனிஸ்ட்டாகவும் ஆனார்.

விலை என்ன?

1939ல் நாடு திரும்பியதும் முழுநேரக் கட்சி வேலை. அடுத்து சென்னை சதி வழக்கு, சிறை. அதே வழக்கில் சிக்கியவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகப் படிப்பை விட்டு வந்த உமாநாத். அன்னவாசல் இருக்கும் புதுக்கோட்டைக்காரர்களுக்கு அவரைத் தெரியும். 1962ல் புதுக்கோட்டை எம்.பி. ஆனவர்.

மோகன் பின்னாளில் காங்கிரசுக்கு மாறி, இந்திரா அமைச்சரவையில் உருக்குத் துறையைப் பார்த்தார். 1973 மே 31ல் டெல்லி விமான விபத்தில் இறந்தார். வயசு 56 தான்.