பைத்தியக்கார ரிட்லி: பூமலை அதிகாரியின் பிடிவாதம்

வேலையிடத்தில புதுசா ஏதாவது செஞ்சா கேலி பண்றது இன்னைக்கு நேத்து பழக்கம் இல்ல.

ஹென்றி ரிட்லி 1888-இல் சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக வந்தார். அரசாங்க வேலை. இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 1877-இல் வந்த ரப்பர்க் கன்றுகள் அங்கே மரங்களாகியிருந்தன. முதலாளிகளுக்கோ காப்பிதான் பெரிது.

பால் எடுக்க மரத்தைக் கண்டபடி கொத்தினால் மரம் கெட்டுவிடும். ரிட்லி வெவ்வேறு விதமாக வெட்டிப் பார்த்தார். பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்துவிட்டால் பால் தொடர்ந்து வரும், மரமும் பிழைக்கும் என்று கண்டார்.

அதோட வேலை முடிஞ்சிடல. ஆளுங்க நம்பணுமே! சட்டைப்பையில் விதைகளோடு தோட்டக்காரர்களைத் தேடிப் போனார். கிடைத்தது பைத்தியக்கார ரிட்லி என்ற பட்டப்பெயர். 1896-இல் மலாக்காவின் டான் சே யான் துணிந்து நட்டார். மற்றவர்கள் காப்பி விலை சரிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் கார் வந்துச்சு, டயர் வேணும். 1920-களில் உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவுடையது. அதற்குப் பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். அவங்க பட்ட பாடு தனிக்கதை.

இத்தனையும் பார்த்துவிட்டுத்தான் 1956-இல், 100 வயதில், ரிட்லி காலமானார்.